சவரிநாதனைப் போலப் பேசியவன்

என் வீட்டுக்காரர் சவரிநாதனுக்கு இந்த உலகத்தில் இரண்டே எதிரிகள். ஒன்று மின்னல். இன்னொன்று என் தையல் மெஷின். மின்னல் வருஷத்தில் சில மாதம்தான் வரும், மெஷின் தினமும் ஓடும். அதனால் அவருடைய கோபமெல்லாம் மெஷின் மேல்தான். அதன் மோட்டார் ஓடினால் அவருடைய ரேடியோவில் 'கர்ர்ர்' என்று இரைச்சல் விழும். எங்கேயோ தென் அமெரிக்காவில் ஒருவன் ஈனக்குரலில் பேசிக்கொண்டிருப்பான். அந்த நேரம் பார்த்து நான் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைப்பேன். அவன் இரைச்சலில் காணாமல் போய்விடுவான். உடனே உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வரும்: "பிலோமி! மிஷின நிறுத்து!"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் தொண்டை அது. ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் வீட்டில் கிளம்பினால் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. "உன் அமெரிக்காகாரனா வந்து எனக்கு சோறு போடப் போறான்?" என்று ஒரு பதில் கொடுத்த பிறகுதான் நிறுத்துவேன். எங்கள் மகள் ஜெஸ்லின் பிறந்ததிலிருந்து, நர்சாகி மஸ்கட்டுக்குப் போனது வரைக்கும், இந்தச் சண்டையைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

ஹாம் ரேடியோ என்பார்கள். பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, வி.யு. என்று தொடங்கும் 'கால் சைன்' என்கிற அழைப்புப் பெயரையும் வாங்கிவிட்டால், வீட்டிலிருந்தே உலகத்தின் எந்த மூலையோடும் பேசலாம். நடுவில் போன் கம்பெனி கிடையாது, டவர் கிடையாது. மொட்டை மாடியில் ஒரு செம்புக் கம்பி, அறையில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். இதில் ஒரு பைசா சம்பாதிக்கக் கூடாது என்பது சட்டமாம். சம்பாதிக்க முடியாத வேலை என்றால் இவருக்குத் தனி உற்சாகம்.

இந்தப் பைத்தியம் பிடித்தது கிரேன் கேபினில். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவார். மேலே துணைக்கு ஒரு வாக்கி டாக்கி மட்டும். கீழே நிற்பவர்களின் முகம் தெரியாது, குரல்தான் ஆள். அந்த வாக்கி டாக்கிகளை ரிப்பேர் பார்க்க வந்தவர்தான் ரஷீது. தண்டையார்பேட்டையில் பேட்டரி, இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறார். "மாமு, உனுக்கு இந்த அளவுக்கு பேச்சு பித்து கீதுன்னா, ஹார்பரோட ஏன் நிக்கிற? உலகத்தோட பேசு" என்று அவர்தான் தூபம் போட்டார். இரண்டு பேரும் ஒன்றாகவே பரீட்சை எழுதினார்கள். ரஷீது முதல் தடவையே பாஸ். இவர் இரண்டாவது தடவை.

காசிமேட்டில் வலைக்கு வாங்கும் நைலான் கயிற்றால், தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு மூங்கிலுக்கும் நடுவே செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். கீழ் வீட்டுப் பெண்கள் அதில் பாவாடை காயப் போட்டார்கள். கம்பியால் டி.வி. தெரியவில்லை, தலை வலிக்கிறது, காக்கா செத்துப் போகிறது என்றெல்லாம் புகார் வந்தது. சென்னையைத் தண்ணீர் மூழ்கடித்த வருஷம், போனெல்லாம் செத்துக் கிடந்தபோது, இவர் ஒரு காரிலிருந்து கழற்றிய பேட்டரியை வைத்துக்கொண்டு ராவும் பகலும் உட்கார்ந்து, யார் வீட்டுப் பிள்ளை எங்கே பத்திரமாக இருக்கிறது என்று செய்தி வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கம்பியில் ஒரு கைக்குட்டைகூட ஏறவில்லை.

இந்த அலைகள் எப்படிப் போகின்றன என்று எனக்குச் சொல்லிக் கொடுக்காத நாளில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். வானத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருக்கிறது. அலை மேலே போய்க் கூரையில் முட்டும், கீழே வந்து கடலில் முட்டும், மறுபடி மேலே போகும். கேரம் போர்டில் காய் ஓரத்துக்கு ஓரம் இடித்துக்கொண்டு போகிற மாதிரி. சூரியனில் புள்ளிகள் அதிகமாகிற வருஷங்களில் கூரை கெட்டிப்படும். அப்போது அலை ராயபுரத்தில் கிளம்பி, மொத்த உலகத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நமக்கே முதுகுப் பக்கமாக வந்து சேரும். ஒரு நொடியை ஏழாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும்.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில், "பிலோமி, ஓடியா, என் குரல் உலகத்த சுத்தினு வருது!" என்று கூப்பிட்டார். குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஓடினேன். ஏதோ பேசிவிட்டு ஸ்விட்சை விட்டார். கடைசி எழுத்தின் வால் மட்டும் 'ஹ்ர்' என்று கேட்டது.

"இதுக்கா கூப்ட்ட?"

"உனுக்கு இதோட அருமை தெரில. சில பேருக்கு முழு பேச்சுமே சில செகண்டு கழிச்சு திரும்பி வந்துகீது. எங்க போய்ட்டு வருதுன்னு இதுவரைக்கும் எவனாலயும் அட்ச்சி சொல்ல முடில. எனக்கு ஒருவாட்டியாவது வரணும்."

"வந்தா சொல்லு" என்றுவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போனேன்.

ரேடியோக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரோடு ஒருவர் பேசியவுடன், உன் குரல் எனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று ஐந்துக்கு மார்க் போட வேண்டும். நடப்பில் எல்லோரும் மரியாதைக்கு ஐந்து போட்டுவிடுவார்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு பிரமாதம் என்று சொல்வது மாதிரி. இவர் மட்டும் போடமாட்டார். மூன்று என்றால் மூன்றுதான். "பொய் மார்க்கு வாங்கினு அவன் ஆன்டெனாவ எப்டி சரி பண்ணுவான்?" என்பார். சவரி ஐந்து கொடுத்தால் அது ஐந்து என்று ஒரு பெயர் இருந்தது.

அப்படிப்பட்டவரின் தொண்டையில்தான் கட்டி வந்தது. கரகரப்பு என்றார், பனி என்றார், மாத்திரை போட்டால் போய்விடும் என்றார். போகவில்லை. அரசு மருத்துவமனையில் குரல்வளையை மொத்தமாக எடுத்தார்கள். மூச்சு விட கழுத்தில் ஒரு துளை. அந்தத் துளைக்கு மேலே தூசி போகாமல் இருக்க, ரவிக்கை லைனிங் துணியில் சின்னச் சின்னதாக மறைப்பு தைத்துக் கொடுத்தேன். சட்டைக்குத் தோதாக நிறம் பார்த்துத் தைத்தேன். அந்த டாக்டர்களை நான் தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன். புருஷனை உயிரோடு வீட்டுக்கு அனுப்பினார்களே, அது சின்ன விஷயமா?

உயிரைக் கொடுத்துக் குரலை எடுத்துக்கொண்டீர்களே என்று நான் வார்டில் அழுதபோது, பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா, "குரலும் தர்றோம்மா, கொஞ்சம் பொறுங்க" என்றார். சொன்னபடியே ஒரு கருவி கொடுத்தார்கள். சின்ன டார்ச் லைட் மாதிரி இருக்கும். கழுத்தில் ஒட்டி வைத்துப் பொத்தானை அமுக்கினால் 'ங்ங்ங்' என்று அதிரும். வாயை அசைத்தால் அந்த அதிர்வே பேச்சாக வெளியே வரும். ஏற்ற இறக்கம் இருக்காது, எல்லாம் ஒரே ராகம். எப்போது அமுக்குவது, எப்போது விடுவது என்று மற்ற நோயாளிகள் திண்டாடினார்கள். இவருக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆயுள் முழுக்க வாக்கி டாக்கியிலும் ரேடியோவிலும் அமுக்கிப் பேசி, விட்டுவிட்டுக் கேட்டவர் அல்லவா? முதல் நாளே பேசிவிட்டார். பேசி முடித்துப் பழக்க தோஷத்தில், ரேடியோவில் சொல்வது போல, "ஓவர்" என்று வேறு சொல்லிவிட்டார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. அவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்த வாரம், கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தைரியமாக டீக்கடைக்குப் போனார். சர்க்கரை கம்மியாக ஒரு டீ என்று கேட்டிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள், அவனும் பேரன் எடுத்தவன்தான், தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ங்ங்ங்' என்று அதையே திருப்பிச் சொன்னானாம். நாலு பேர் சிரித்தார்கள். இவர் டீயை வாங்காமல் வீட்டுக்கு வந்து, கருவியைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பேச்சு நின்றது. ஜெஸ்லின் பிள்ளையாக இருந்தபோது வாங்கிய சிலேட்டு ஒன்று பரணில் கிடந்தது. அதில் எழுதிக் காட்டுவார். காப்பி வேண்டுமென்றால் டம்ளரில் கரண்டியால் தந்தி தட்டுவார். ஜெஸ்லின் வீடியோவில் வந்தால் கையை ஆட்டிவிட்டு ஓரமாக நகர்ந்துவிடுவார். "அப்பா பேசுனா இன்னாம்மா, எப்டி இருந்தாலும் எனக்கு ஓகேன்னு சொல்லு" என்று அவள் அழுவாள். ரேடியோவுக்கு ஒரு பெட்ஷீட் போட்டு மூடியாகிவிட்டது.

நான் இஷ்டத்துக்கு மெஷின் ஓட்டினேன். காலையில் ஓட்டினேன், சாயங்காலம் ஓட்டினேன். நிறுத்து என்று சொல்ல ஆளில்லை. எத்தனை வருஷம் நான் கேட்ட சுதந்திரம் அது! கிடைத்தபோது பிடிக்கவில்லை. சில நாள் வேண்டுமென்றே துணி எதுவும் இல்லாமல் வெறும் மெஷினை ஓட்டிவிட்டு, உள்ளறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு சத்தமும் வராது.

ரஷீது மட்டும் விடவில்லை. வாரம் தவறாமல் வருவார். உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்துப் போகும் அல்லவா, யாரையும் கேட்காமல் மாடிக்குப் போய் மூட்டுகளைச் சுரண்டி, கிரீஸ் தடவி வைப்பார். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள், என்னிடம் வந்து, "அண்ணி, உங்க பழைய மெஷினோட பெடல் கீதா?" என்று கேட்டார். எதற்கு என்றேன். "மாமுக்கு ஒரு கை கருவிய புடிக்கணும். இன்னொரு கை டியூனிங்ல இருக்கணும். ஸ்விட்ச கால்ல குடுத்துட்டா முடிஞ்சுது." பழுதாகிக் கிடந்த என் பழைய மெஷினின் பெடலை எடுத்து உள்ளே ஏதோ மாற்றி, ரேடியோவோடு சேர்த்துவிட்டார். இத்தனை வருஷம் எதிரியாக இருந்ததன் கால் இப்போது இவருக்கு உதவிக்கு வந்தது.

"மாமு, சூரியன் இப்ப செம மூட்ல கீது. இந்த மாரி கண்டிஷன் இனிமே பத்து வருசத்துக்கு கெடைக்காது. உன் மூஞ்ச எவன் பாக்கப் போறான்? உக்காரு" என்றார் ரஷீது.

இவர் சிலேட்டை எடுத்தார். 'யோசிக்கிறேன்' என்று எழுதினார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சங்கரா மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். தவக்காலத்து வெள்ளியில் எங்களுக்குக் கறி கிடையாது, மீன்தான். உள்ளறையில் பெட்ஷீட்டை விலக்குகிற சத்தம். பீரோ திறக்கிற சத்தம். நான் கரண்டியைக்கூட அசைக்கவில்லை. சற்று நேரத்தில் 'ங்ங்ங்' என்று அந்தக் குரல் வந்தது. "சீக்யூ, சீக்யூ, சீக்யூ" என்று அழைக்கிறார். யாராவது இருக்கிறீர்களா, யாராக இருந்தாலும் பேசுங்கள் என்று அதற்கு அர்த்தம். பிறகு தன் அழைப்புப் பெயரைச் சொன்னார். அந்தோணியாரே, யாராவது ஒரு நல்லவன் பதில் சொல்லட்டும் என்று நான் அடுப்படியிலேயே வேண்டிக்கொண்டேன்.

அவர் இரண்டாவது தடவை அழைத்துக்கொண்டிருக்கும்போது, ஜன்னல் வழியாக வந்த பூனை தட்டிலிருந்து ஒரு முழு மீனைக் கவ்விக்கொண்டு உள்ளறைப் பக்கம் ஓடியது. என் வாய் சும்மா இருக்குமா? பின்னாலேயே ஓடி, "ஐயோ, பூன மீன தூக்கினு போவுது! அதப் புடிங்க!" என்று வீடே அதிரக் கத்திவிட்டேன். அவர் திரும்பி முறைத்துவிட்டுத் தொடர்ந்தார். ஹெட்போன் மாட்டியிருந்ததால் அவருக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. முகம்தான் தெரிந்தது. முதலில் ஆச்சரியப்பட்டார். பிறகு முகம் சிவந்தது. "ஹூ இஸ் திஸ்?" என்று கேட்டார். சில நொடி காத்திருந்தார். அடுத்த நிமிஷம் ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்து, ரேடியோவை அணைத்துவிட்டார்.

சிலேட்டில் எழுதும்போது சாக்பீஸ் உடைந்தது. 'அங்கேயும் கேலி பண்றான். டீக்கடை ஆள் மாதிரியே ங்ங்னு பேசறான். என் கால் சைனையே திருப்பிச் சொல்றான். யாருன்னு கேட்டா அதையும் திருப்பிச் சொல்றான்.'

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. முகம் தெரியாத அந்தப் பேமானிக்கு நாக்கு அழுகணும், வாயில் மண் விழணும், அவன் குரலும் போகணும் என்று ஊர்ப்பட்ட சாபமெல்லாம் கொடுத்தேன். தவக்காலம் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. சிலேட்டைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதினார். 'ரஷீதை வந்து ரேடியோவை எடுத்துக்கச் சொல்லு.' நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். அந்த வரியையே மறுபடி காட்டினார். இனி இந்த மனிதர் யாரோடும் பேசப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துபோனது. குரல் போனதைவிட அது பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடித்து வந்தபோது ரஷீது வாசலில் ஆட்டோவோடு நின்றார். முகம் செத்திருந்தது. உள்ளறையில் கருவி ரேடியோ பக்கத்திலேயே கிடந்தது, இனி தொடமாட்டேன் என்பதுபோல இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரஷீது ஒயர்களைக் கழற்றக் குனிந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"மாமு, ரேடியோ எங்கயும் போவாது. இல்ல, போனாலும் போவட்டும். ஆனா அடுத்தவன் கால் சைன்ல பேசறது குத்தம். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும். ரெகார்டிங் ஓடிகினுதான இருந்துச்சு?"

ரேடியோவில் பேசுவதும் கேட்பதும் லேப்டாப்பில் தானாகவே பதிவாகும். பல வருஷப் பழக்கம். ரஷீது ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி ஓட விட்டார்.

முதல் அழைப்பு. பிறகு வெறும் இரைச்சல், மழை பெய்கிற மாதிரி. இரண்டாவது அழைப்பு, நடுவில் என் கத்தல். எனக்கே வெட்கமாக இருந்தது. அழைப்பு முடிந்தது. சில நொடி மழை. அந்த மழைக்குள்ளிருந்து, ரொம்பத் தூரத்தில், 'ங்ங்ங்' என்று அவன் வந்தான். சீக்யூ, சீக்யூ என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஹூ இஸ் திஸ்?" என்று இவர் கேட்டார். மறுபடி சில நொடி கழித்து அவனும் "ஹூ இஸ் திஸ்?" என்றான்.

"பாத்தியா ரஷீது, எவ்ளோ திமிரு பாரு" என்றேன்.

ரஷீது பதிவை நிறுத்தினார். பின்னால் தள்ளி, அந்த இடத்தை மறுபடி ஓட விட்டார். காதை ஸ்பீக்கரோடு ஒட்ட வைத்துக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, அந்த பேமானி வூட்லயும் பூன மீன தூக்கினு போச்சா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சத்தத்தைக் கூட்டினார். தூரத்துக் குரலின் பின்னால், அதைவிடத் தூரத்தில், ஒரு பெண் பிள்ளை அலறுகிறாள். பூன மீன தூக்கினு போவுது, அதப் புடிங்க.

அது நான்தான். என்னைத் தவிர வேறு யார் அப்படிக் கத்துவார்கள்?

"கேலி பண்றவன் மாமு மாரி பேசலாம். அண்ணி மாரி கத்தறதுக்கு உலகத்துல ஆள் கீதா?" ரஷீது சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. சொன்னதற்கும் அது திரும்பி வந்ததற்கும் நடுவிலுள்ள இடைவெளியை லேப்டாப்பில் அளந்து காட்டினார். இரண்டு தடவையும் பத்து நொடிக்குக் கொஞ்சம் குறைவு, மயிரிழை வித்தியாசம் இல்லை. "மாமு, இது எவனும் இல்ல. இது நீ. எத்தினி வருசமா எனக்கு ஒருவாட்டியாவது வரணும்னு சொல்லிகினு இருந்த? வந்துட்டுது. எங்க போய் தங்கிட்டு வந்துச்சோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

இத்தனை எதிரொலி கேட்ட மனிதருக்கு இது எப்படிப் பிடிபடாமல் போனது என்று பலரும் பிறகு கேட்டார்கள். எனக்கு அது புரிகிறது. அவர் நினைப்பில் அவர் குரல் இன்னமும் அந்தப் பழைய கிரேன்காரர் குரல்தான். புதுக் குரல் அவருக்குக் கழுத்தில் ஓர் அதிர்வு, அவ்வளவே. வெளியிலிருந்து அதை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டது டீக்கடை ஆள் செய்து காட்டியதை மட்டும்தான்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடி போடு என்று சைகை காட்டினார். ரஷீது போட்டார். மறுபடி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கருவியைத் தூக்கிக் கழுத்தில் வைத்தார். வீட்டுக்குள் எங்களைப் பார்த்து அதில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நானா அது?"

"நீதான்யா" என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடக்கூடாது என்று தோன்றியது. "அவன் பேசுனது உனக்குப் புரிஞ்சுதா, சொல்லு. அன்னிக்கு வெள்ளிக்கெயம, அவன் இன்னா சொன்னான்னு உனக்குப் புரிஞ்சுதா இல்லியா?"

யோசித்தார். "புரிஞ்சுது. ஒரு எயுத்து உடாம."

"அவ்ளோ தூரம் போய் அலைஞ்சு திரிஞ்சு வந்ததே புரியுதுன்னா, டீக்கடையில நிக்கறவனுக்குப் புரியாதா? மஸ்கட்ல கீற பொண்ணுக்குப் புரியாதா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரஷீது ஆட்டோக்காரரை அனுப்பிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார், ரொம்ப நேரம் வரவே இல்லை. நான் அவனுக்குக் கொடுத்த சாபமெல்லாம் யார் தலையில் விழுந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றி, எல்லாவற்றையும் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

பிற்பாடு இதை ரேடியோ சங்கத்துக்காரர்கள் பலர் நம்பவில்லை. லேப்டாப் கோளாறாக இருக்கும் என்றார்கள், எவனோ பதிவு செய்து திருப்பி ஒலிபரப்பியிருப்பான் என்றார்கள். இருக்கட்டும். அது எங்கேயிருந்து வந்திருந்தாலும் வந்ததற்கு நன்றி. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பூனைக்கு ஒரு மீன் நானே தனியாக எடுத்து வைக்கிறேன்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்தார். ஹெட்போன் இல்லை, ஸ்பீக்கர்தான். ரஷீது பக்கத்தில். நான் முன்னறையில், ஈஸ்டர் ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. இவர் அழைத்தார். எதிரொலி வரவில்லை, யாரும் வரவில்லை. மறுபடி அழைத்தார். மூன்றாவது தடவைக்கு ஒருவர் வந்தார். சிலி நாட்டில் கடலோரத்து ஊர், பேக்கரி வைத்திருப்பவர். அங்கே காலை நேரம், ரொட்டி போட்டு முடித்துவிட்டு ரேடியோவில் உட்கார்ந்திருக்கிறார். நமக்கு ஏறக்குறைய உலகத்தின் மறுபக்கம் என்பதால், அவர் குரல் இந்தப் பக்கமாகவும் அந்தப் பக்கமாகவும் இரண்டு வழியிலும் வந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது.

இவர் அவரிடம் நேராகக் கேட்டுவிட்டார். ரஷீது எனக்கு மொழிபெயர்த்தார். எனக்குத் தொண்டையில் ஆபரேஷன், கருவி வைத்துப் பேசுகிறேன், மரியாதைக்கு மார்க் போடாதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள். இவர் காலைப் பெடலிலிருந்து எடுத்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஒரு ரவிக்கையை எடுத்து மெஷினில் வைத்தேன்.

ஐந்துக்கு நாலு என்றார் பேக்கரிக்காரர்.

நாலுதானா என்று எனக்கு முகம் விழுந்துவிட்டது. உள்ளறையில் நாற்காலி கிரீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். இவர் மேசையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "பரிதாபப்பட்டிருந்தா அஞ்சு குட்த்திருப்பான்" என்று ரஷீதிடம் சொன்னார். "நாலு உண்மையான நாலு."

எனக்கு நிம்மதியில் என்ன செய்வதென்று தெரியாமல் காலை அமுக்கிவிட்டேன். மெஷின் ஓடியது. பேக்கரிக்காரர் அடுத்து ஏதோ சொல்ல ஆரம்பித்தவர், 'கர்ர்ர்' என்ற இரைச்சலில் மூழ்கிப் போனார்.

"பிலோமி! மிஷின நிறுத்து!"

ஏற்ற இறக்கமில்லாமல், ஒரே ராகத்தில், கழுத்தில் வைத்த அந்தக் கருவியிலிருந்து அது வந்தது. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்காது. முன்னறைக்குக் கேட்டது. வழக்கம்போல அமெரிக்காகாரன் பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் குரல் இல்லாமல் போனது எனக்குத்தான்.

மெஷினை நிறுத்திவிட்டு, ஆண்டவரே உமக்கு நன்றி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அவர் பேசி முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.